இரண்டு நாட்டுக்கும் சம்பளமில்லாத குமாஸ்தா

ஜெர்மனியில் வீட்டு முகவரியில் பொதுவாகக் கதவு எண் இருக்காது. தெருப் பெயர், கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் பத்துக் குடும்பம் இருந்தாலும் தபால்காரர் கீழே வரிசையாக நிற்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் ஒட்டவில்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். அரசாங்கம், வங்கி, காப்பீடு என்று இங்கே எல்லோரும் கடிதத்தில்தான் பேசுவார்கள் என்பதால், பெட்டியில் பெயர் இல்லாதவனுக்கு இந்த ஊரில் வாழ்வே இல்லை.

சரி, எந்தப் பெயரை ஒட்டுவது? குமரி மாவட்டத்துக்காரன், கருங்கல் பக்கம். எனக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். கடவுச்சீட்டு எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காலியாகவே விட்டார்கள். இங்கே வந்ததும் வதிவிட அட்டையில் என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் கட்டத்தில் வைத்துவிட்டு, முதற்பெயருக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். மனைவிக்கு வேறு சங்கதி. அவள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் அவளுடைய அப்பா பெயர். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை வார்டில் டாக்டர் முதல் நோயாளி வரை எல்லோரும் என் மாமனார் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே போகாத மனிதர், இப்போது ஜெர்மனியில் அவர் பெயருக்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு வருகிறது. பெட்டியில் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, இங்கே இரண்டு ஆண்கள் குடியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் கீழ்வீட்டுப் பாட்டி கொஞ்சநாள் எங்களிடம் பேசினார்.

சிரிப்பு அதோடு சரி. இணையத்தில் ஒரு மின்சார இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போனால் முதற்பெயர் கட்டாயம் என்று சிவப்பில் எழுத்து வரும். அட்டையில் உள்ளபடி கோடு போட்டால், கோடு செல்லாது, எழுத்து மட்டும்தான் என்கிறது. அப்பா பெயரைப் போட்டால் படிவம் ஒத்துக்கொள்ளும், பிறகு ஆவணத்தோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் வரும். அந்தக் கோட்டைப் போட்டது ஒரு அரசு அலுவலகம். அதே நாட்டில் விற்கிற மென்பொருளுக்கு அப்படியொரு கோடு இருப்பதே தெரியவில்லை. போன் செய்து கேட்டால், கணினி ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய என்கிறார்கள். கம்பெனி அவர்களுடையது, கணினியும் அவர்களுடையது.

இங்கே எல்லாம் சங்கிலி. புது வீட்டுக்குப் போனால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், சட்டம் அப்படி. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண் போய்ச் சேராவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது உச்சபட்சப் பிடித்தம். ஆனால் எங்கள் ஊரில் பதிவதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், அது இணையத்தில் மட்டும்தான். கிடைத்த முதல் நேரமே இரண்டு வாரக் கெடுவைத் தாண்டித்தான் இருந்தது. சட்டத்தை மீறாமல் இருக்க அலுவலகமே வழிவிடவில்லை. அங்கிருந்த அம்மையார் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை, அபராதம் போடவுமில்லை. எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது போல.

இவர்களும் சும்மா இருக்கவில்லை. 2017-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2022 முடிவதற்குள் 575 வகையான அரசு சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று. கெடு முடிந்தபோது அதில் பெரும்பகுதி வரவில்லை. கொரோனா காலத்தில் சுகாதார அலுவலகங்கள் நோயாளிக் கணக்கை ஃபாக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்ததை இந்த நாட்டுப் பத்திரிகைகளே கேலி செய்து எழுதின. ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பென்ஸ் கார் செய்கிற நாட்டில் ஃபாக்ஸா என்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மின்னல் வேகம். பொது வானொலி, தொலைக்காட்சிக்கு ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று உண்டு, மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கே இல்லை, வீடு இருந்தால் போதும். நாம் நகர அலுவலகத்தில் பதிந்த முகவரி அங்கே தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு 55.08 யூரோ என்று கடிதம் வந்தபோது வீட்டில் கட்டில்கூட வாங்கியிருக்கவில்லை. விசா பிரிவு கேட்கும் பதிவுச் சான்றை நானே பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பக்கத்து அறையிலிருந்து அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாதாம். காசு வசூலிக்கிற இடத்துக்கு மட்டும் தகவல் பறக்கிறது.

கம்பெனிகளும் ஒன்றும் குறைந்தவையல்ல. இன்டர்நெட் இணைப்புக்கு 24 மாத ஒப்பந்தம். ஆள் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வருவார், அன்று முழுக்க வீட்டில் காத்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்துக் காத்திருந்தால், ‘நீங்கள் வீட்டில் இல்லை’ என்று ஒரு குறுஞ்செய்தி. அப்புறம் அடுத்த நேரம், அடுத்த விடுப்பு. ஊரில் கேபிள்கார அண்ணன் இப்படியா செய்வார்? மழையில் தென்னை ஓலை விழுந்து வயர் அறுந்தால் போன் போட்டு நாலு திட்டு திட்டலாம், சாயந்திரத்துக்குள் ஏணியோடு வந்து நிற்பார். நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். 2022-இல் இருந்து இங்கே இணையம் வழியாக விற்கும் ஒப்பந்தங்களை இணையத்திலேயே ரத்து செய்யப் பொத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, முதல் காலம் முடிந்தபின் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். அந்தப் பொத்தானை நான் மனநிறைவோடு அழுத்தியிருக்கிறேன்.

இப்போது ஊர்ப் பக்கம் வருகிறேன். ஜெர்மனி காகிதத்தில் கொல்கிறது என்றால் நம் ஊர் ஓடிபியில் கொல்கிறது.

அம்மை இருபது வருஷத்துக்கு மேல் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், இருந்தவள். கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்குப் போன பெண்களின் விரலைப் பார்த்தாலே தெரியும். ரேஷன் கடைக் கருவியில் அவள் விரலை வைத்தால் ரேகை விழாது. கழுவிவிட்டு வை, துடைத்துவிட்டு வை, அடுத்த கை விரலை வை என்று கடைக்காரர் பாவம் எல்லாம் செய்து பார்ப்பார். கார்டில் அவள் ஒருத்திதான், வேறு விரலுக்கு வழியில்லை. அப்போது ஓடிபிதான் கதி. கார்டில் பதிந்திருக்கும் எண் என்னுடையது. அந்த சிம் இங்கே என் அலமாரியில் ஒரு பழைய போனில் கிடக்கிறது.

குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பதரைக்கு அம்மை வரிசையில் நிற்கும்போது இங்கே விடிகாலை ஐந்து. வெளியே பனி, நான் போர்வைக்குள் படுத்தபடி, கன்னியாகுமரி மாவட்டத்து ரேஷன் கடையில் அரிசி போட ஆறு எண்களை வாசித்துக்கொண்டிருப்பேன்.

என் வங்கிக் கணக்கின் ஓடிபி வருகிற சிம்மோ அம்மையின் பொத்தான் போனில். வெளிநாடு வந்தால் அந்த எண்ணுக்குச் செய்தி வருவது நிச்சயமில்லை என்று வங்கியில் சொன்னதால் விட்டுவிட்டு வந்தேன். ஆக, அவள் கார்டுக்கான எண் என்னிடம், என் வங்கிக்கான எண் அவளிடம். மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். ரேஷன் கார்டில் எண்ணை மாற்ற இணையத்தில் நுழைந்தால் பழைய எண்ணுக்கு ஓடிபி போகும், அது பரவாயில்லை, வாசிக்கலாம். ஆனால் புது எண்ணாக அவளிடம் இருக்கிற சிம்மைப் போட்டால், அடுத்தமுறை நான் ஊருக்குப் போய் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரும்போது மறுபடி அதே கதை. வங்கியில் எண்ணை மாற்ற, நேரில் கிளைக்கு வா என்கிறார்கள். நேரில் வரமுடிகிறவனுக்கு இந்த ஓடிபியே எதற்கு?

ஒவ்வொரு முறையும் அம்மை செய்தி முழுவதையும் வாசிப்பாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவாள். எண்ணை மட்டும் சொல்லு அம்மா என்றால் கேட்கமாட்டாள்.

‘மக்களே, இதை ஆருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கு. ஒனக்கிட்ட சொல்லலாமா?’

‘என் எண்தான் அம்மா, என் பைசாதான்.’

‘அப்போ ஒனக்க பேரையும் அதில போடணுமில்லியா?’

அவள் கேட்பது சரிதான். இந்த விதியை ஏட்டில் பார்த்தால், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற தாய்மார் எல்லோரும் நாள்தோறும் குற்றம் செய்கிறார்கள்.

பான் எண் இன்னொரு தலைவலி. ஆதாருடன் இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாளாக இருந்தது, அதுவும் 1000 ரூபாய் கட்டித்தான். வெளிநாட்டில் வசிக்கிற இந்தியர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று அரசே சொன்னது. ஆனால் வெளிநாட்டில் வசிக்கிறோம் என்ற நிலையை வருமான வரித் துறையின் பதிவில் மாற்றியிருக்க வேண்டுமாம். மாற்றாதவர்கள் பலருடைய எண் செயலிழந்துவிட்டது. விலக்கு கிடைத்தவர்கள் பட்டியலில் இருந்துகொண்டே என் பான் செத்தது. இனி கடவுச்சீட்டு நகலோடு எனக்குரிய வரி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். எனக்குரிய அதிகாரி யார் என்று பார்க்க இணையத்தில் நுழைந்தால் ஓடிபி. மறுபடி அம்மை.

ஆனாலும் ஊரில் ஒரு வழி இருக்கிறது. அதை இங்கே வந்தபிறகுதான் மதிக்கத் தோன்றுகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவானாலும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் அங்கே இருக்கிற பெண் நமக்காகத் தட்டச்சு செய்துவிடுவாள். எந்தக் கட்டத்தில் என்ன போட்டால் திரும்பி வராது என்பது அவளுக்கு அத்துப்படி. தமிழ்நாட்டு மின்னாளுமை என்று பெருமையாகச் சொல்வதெல்லாம் எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தப் பெண்தான். ஜெர்மனிக்காரர்கள் மென்பொருள் வாங்கினார்கள், இப்படியொரு ஆளை வைக்கவில்லை.

அந்த வேலையை இப்போது நாங்கள் செய்கிறோம். குமரி மாவட்டத்திலிருந்து செவிலியர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஜெர்மன் மொழியை பி2 என்கிற மேல்நடுத்தர நிலை வரை படித்துத்தான் வருகிறார்கள், நோயாளியிடம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் இந்த ஊர்க் கடித மொழி வேறு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், போக்கிடம் இல்லை. கொல்லங்கோட்டிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வந்தவர்கள் எங்கள் சமையலறை மேசையில் உறைகளைப் பரப்புவார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஒரு பக்கம், கெடு தேதி வாரியாகக் கடிதம் பிரிப்பது இன்னொரு பக்கம். மனைவி மேற்பார்வை, எழுதுவது நான். புதுச் சாளை மீன் கிடைக்காது, உறையவைத்தது கிடைக்கும், அதை வைத்து ஒப்பேற்றுகிறோம்.

இப்போது கையில் இருப்பது அப்பா பெயரில் உள்ள விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பிரிக்கிற விவகாரம். எனக்காகக் கையெழுத்திடத் தம்பிக்குப் பவர் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தைத் தூதரக முத்திரை இல்லாமலே இன்னொரு நாடு ஏற்றுக்கொள்கிற அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஜெர்மனியும் இருக்கின்றன, ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் அது செல்லாது. ஆகவே இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, நேரில் போய்க் கையெழுத்திட்டு, அதைத் தபாலில் அனுப்பி, இந்தியாவில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பட்டாவில் அப்பா பெயர் ஒரு எழுத்துக்கூட்டில், என் ஆதாரில் இன்னொன்றில், ஜெர்மன் அட்டையில் எனக்கு முதற்பெயரே இல்லை. இதையெல்லாம் பதிவு அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்று தம்பி மார்த்தாண்டத்தில் பத்திர எழுத்தரிடம் விசாரித்தான். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், ‘மூணு பேரும் ஒரே ஆளுதான்னு ஒரு அஃபிடவிட் போட்டா தீந்தது’ என்றாராம். வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, திருத்தச் சொல்லியிருக்கிறேன்.