பல்லாங்குழியில் ஒரு முற்றுகை

'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற கணினி விளையாட்டை இதுவரை எத்தனை முறை ஆடி முடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வார்சாவில் இருக்கும் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-ல் வெளியிட்டது. இதில் நாம் ராணுவ வீரன் இல்லை. போருக்கு நடுவே இடிந்த வீட்டில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்கள். பகலில் வெளியே தலை நீட்டினால் எங்கிருந்தோ சுடுவான். அதனால் பகலெல்லாம் வீட்டுக்குள் சமையல், மராமத்து. இரவில் ஒருத்தர் பையோடு போய்ப் பொறுக்கி வரவேண்டும், மற்றவர் காவலோ தூக்கமோ. போகோரென் என்று ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்திருந்தாலும் அடியில் இருப்பது சரயேவோ. 1992 ஏப்ரலில் தொடங்கி 1,425 நாள் நீடித்த முற்றுகை அது.

இதில் இன்னும் என்ன சேர்க்கலாம் என்று, அதைச் செய்தவர்களுக்கு எழுதி அனுப்ப, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினேழு யோசனை சேர்ந்துவிட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டில் டீ குடிக்கும்போது அண்ணன் மகனிடம் வாசித்துக் காட்டினேன். "சித்தப்பா, இதுல பாதி உங்களுக்கு ஆட்டம் சுலபமாகணும்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றான். பன்னிரண்டாவது படிக்கிறான், வாய் அதிகம். ஆனாலும் உண்மை. பெரிய பை, கூடுதல் கட்டில், நல்ல அடுப்பு என்றே பாதிப் பட்டியல் போயிருந்தது.

சரி, ஆடிப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். எனக்கு புரோகிராம் எழுத வராது. பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தாவின் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. பதினாலு குழி. ஒரு ஆளுக்குச் சோறு, தண்ணீர், விறகு, மருந்து என்று நாலு குழி கொடுத்தால் மூன்று பேருக்குப் பன்னிரண்டு போக, மீதி இரண்டு பொது. காசு புளியங்கொட்டை. குண்டும் காய்ச்சலும் வருமா வராதா என்பதற்குத் தாயக்கட்டை. இரண்டு கட்டையை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டு விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. தாயம் விழுந்தால் வெளியே போனவருக்கு அடி என்று வைத்தோம்.

முதல் ஞாயிறு அண்ணன் மகனும் நானும் கெட்டுப்போகும் உணவைச் சோதித்தோம். அசல் ஆட்டத்தில் காய்கறியும் இறைச்சியும் எத்தனை நாள் வைத்தாலும் அப்படியே இருக்கும். வற்றலும் உப்புக்கண்டமும் போட்டு வளர்ந்த வீட்டுக்காரனுக்கு அது உறுத்தாதா? ஐந்து நாள் தாண்டினால் கொட்டையை எடுத்து வெளியே போடுவது என்று வைத்தேன். அரைமணியில் சலித்துவிட்டது. எந்தக் கொட்டை எந்த நாளில் வந்தது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். அது விளையாட்டாக இல்லை, கடைப் பெட்டியடிக் கணக்காக இருந்தது.

ஒரு மாற்றம் செய்தபோது மட்டும் உயிர் வந்தது. வற்றல் காய மொட்டை மாடி வெயில் வேண்டும். மாடிக்குப் பகலில்தான் போகமுடியும், பகலில்தான் சுடுவான். காயவைத்தால் பத்து நாள் சோறு, அதற்கு ஒருமுறை கட்டை உருட்டவேண்டும். பையன் உருட்டுமுன் கட்டையைக் கைக்குள் வைத்து வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். இந்த யோசனை நோட்டில் தங்கியது.

தண்ணீர் வரிசை அடுத்தது. சரயேவோவில் குழாய் நின்றபிறகு ஊரின் பீர் ஆலைக்குச் சொந்த ஊற்று இருந்ததால் ஜனங்கள் அங்கே குடத்தோடு வரிசையில் நின்றார்கள், அந்த வரிசைகளிலும் குண்டு விழுந்தது. ஆட்டத்தில் மழைத்தண்ணீர்ப் பிடிப்புப் பீப்பாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வடிகட்டி இருந்தால் போதும். எங்கள் சோதனையில் வரிசைக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. இரண்டு சுற்றில் கைவிட்டோம்.

இதுவரை அப்பத்தா ஓரமாக உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். 88 வயது. அவர் பலகையில் என்னவோ நடக்கிறது, அவரைச் சேர்க்கவில்லை என்று கோபம் வேறு. "எனக்கும் ஒரு நாலு குழி குடு" என்று வந்து உட்கார்ந்தார். சேர்த்தோம். தொல்லை என்னவென்றால், தாயம் விழுந்ததும் பழக்கதோஷத்தில் "தாயம்!" என்று கை தட்டுவார். யாருக்கோ வயிற்றில் குண்டு பாய்ந்திருக்கும்.

அவர் வந்தபிறகுதான் எனக்கு வேறு வைத்தல் ஞாபகத்துக்கு வந்தது. நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில் தனியாக வேறு வைப்பார்கள். வீடு ஒன்று, முற்றத்தைச் சுற்றிய வளவு ஒன்று, அடுப்பு மட்டும் புள்ளிக்கு, அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்று. ஒருத்தர் அடுப்பில் என்ன வேகிறது என்று அடுத்தவருக்கு வாசனையில் தெரியும், சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அசல் ஆட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இருப்பு. அந்த நெருக்கடியில் ஒரே கூரையில் சேர்ந்த அந்நியர்கள் அப்படியா இருப்பார்கள்? பொதுக்குழியை எடுத்துவிட்டு, மூன்று அடுப்பு, மூன்று கணக்கு, வேண்டுமென்றால் கைமாற்று கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு, நாலாவது நாள் ஆட்டத்தில் கணக்கு உதைத்தது. கொட்டை அறுபது இருக்கவேண்டும், இரண்டு குறைகிறது. தரையெல்லாம் தேடினோம். ஆத்தங்குடிக் கல்லில் பூ வேலை அதிகம், கொட்டை விழுந்தால் கண்ணுக்குச் சிக்காது. அப்பத்தா அசையவே இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், அவர் தொடைக்கு அடியில் சேலை மடிப்பில் இரண்டும் இருந்தன.

"என்ன அப்பத்தா இது?"

"பிள்ளைக்குன்னு எடுத்து வச்சேன். குழியில கெடந்தா நீ கேப்ப, குடுக்காம இருக்க முடியுமா?" என்றார். ரங்கூன் அரிசி நின்றுபோன வருசம் அவருடைய ஆத்தா அரிசியைத் தலகாணி உறைக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், பர்மா அரிசி வரத்து அதோடு போயிற்று. எங்கள் பக்கத்தில் பணமும் அங்கேதான் இருந்தது, சோறும் அங்கிருந்துதான் வந்தது. தலையணை விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும்.

பதினேழு யோசனையையும் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். மூன்று தீப்பெட்டி. ஒவ்வொரு அடுப்பும் விரும்பினால் பெட்டிக்குள் கொட்டை போட்டு மூடிக்கொள்ளலாம். அந்திக்கு ஆளாளுக்கு இருப்பை வாய்விட்டுச் சொல்லவேண்டும், பொய்யும் சொல்லலாம்.

மூன்றாம் ஞாயிறு ஆடியதைச் சொல்கிறேன். பையனின் அடுப்பு ஏழாம் நாள் காலி. என்னிடம் கேட்டான், ஒன்று கொடுத்தேன். அப்பத்தாவிடம் கேட்டான். "இல்லப்பு" என்றார். ஒன்பதாம் நாள் அவன் ஆள் பட்டினியில் போனான். பத்தாம் நாள் முடிந்ததும் பெட்டிகளைத் திறந்தோம். அப்பத்தா பெட்டியில் நாலு கொட்டை. பையன் ஒன்றும் பேசவில்லை. அவர் அந்த நாலையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வேணுமேன்னு வச்சேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். வெள்ளைப் பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கை வைக்கவில்லை.

இப்போது எழுதுகிற யோசனை இதுதான். ஆடுகிறவருக்கு ஒரே ஒரு அடுப்பு. மற்ற இரண்டு குடும்பத்தையும் கணினி நடத்தட்டும், அவர்கள் இருப்பு நமக்குத் தெரியக்கூடாது, வாசனையும் பேச்சும் மட்டும் தெரியட்டும். அசல் ஆட்டத்தில் இப்போதும் கதவைத் தட்டி மருந்து கேட்டு வருபவர்கள் உண்டு, இல்லை என்றால் போய்விடுவார்கள். நான் கேட்பது, நாம் யாரிடம் 'இல்லை' என்று சொன்னோமோ அவர் அதே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கவேண்டும். ராத்திரி அவர் இருமுவது கேட்கவேண்டும்.

மொட்டை மாடி வற்றலையும் இதோடு அனுப்புகிறேன். மீதிப் பதினாறையும் அனுப்பவில்லை. ஆங்கிலத்தில் நாலு பத்தி எழுதிவிட்டேன். 'வேறு வைத்தல்' என்ற இடத்தில்தான் இரண்டு நாளாக நிற்கிறது, பிரித்துவிடுவது என்று எழுதினால் சண்டை போட்டுப் பிரிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு முறை, இருபது நாள் கணக்கில் ஆடிப் பார்க்கவேண்டும். பையன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான், தினமும் எல்லாரும் தீப்பெட்டியைத் திறந்து காட்டவேண்டுமாம். அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப நான் வரல" என்று பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டார்.