மூச்சிலேயே போய் மூச்சிலேயே திரும்பிய மயக்கம்

என் ஐந்து வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன் என்று முடிவானபோது, எனக்கு ஆபரேஷனைவிட மயக்க மருந்தை நினைத்துத்தான் பயம். கத்தி எங்கே படும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மயக்கம் உள்ளே என்ன செய்யும் என்று யார் காட்டுவது? அதனால் மயக்க மருந்து டாக்டரை விடாமல் கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதுதான் அன்றைய நாளைக் கடக்க உதவியது. இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் குறித்த தேதி தள்ளிப்போனது. அவளுக்குச் சளி. சளி இருக்கும்போது குழந்தைகளின் மூச்சுப்பாதை எரிச்சலோடு இருக்கும், மயக்கம் கொடுக்கையில் குரல்வளை இறுகி மூச்சடைக்கும் வாய்ப்பு கூடும் என்றார் டாக்டர். லீவு போட்டதெல்லாம் வீணாயிற்றே என்று அப்போது வருத்தம். இப்போது நினைத்தால், தள்ளிவைத்தது எவ்வளவு நல்லது!

அடுத்த முறை அவர் கேட்ட ஒரு கேள்வி விசித்திரமாக இருந்தது. "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது மயக்கம் கொடுத்தப்ப திடீர்னு காய்ச்சல் ஏறி, உடம்பு விறைச்சுப் போயிருக்கா?" சில குடும்பங்களில் பரம்பரையாக ஒரு குறை உண்டாம். மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயு மருந்துகள் பட்டதும் தசைச் செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளியேறி, உடல்சூடு எகிறிவிடும். மிக அபூர்வம்தான், டான்ட்ரோலீன் என்ற மருந்தும் இருக்கிறது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் அந்த வாயுக்களையே தவிர்த்துவிடலாம். வெளியே வந்து என் சித்திக்கும் மாமியாருக்கும் போன் போட்டு விசாரித்த பிறகுதான் இல்லை என்று சொன்னேன். உங்களிடம் கேட்டாலும் அவசரமாகத் தலையாட்டிவிடாதீர்கள்.

ஊசி என்றாலே அலறுகிறவள் என்பதால், முதலில் மாஸ்க் வழியாக செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, அப்புறம் நரம்பில் ஊசி போடுவதாக ஏற்பாடு. அந்த மருந்து பாட்டிலில் திரவமாக இருக்கும், மெஷின் அதை ஆவியாக்கி ஆக்ஸிஜனோடு கலந்து அனுப்பும். மூச்சில் போய், நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளில் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து மூளைக்குப் போகிறது.

இதில் ஒரு விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ரத்தத்தில் குறைவாகக் கரையும் மருந்துதான் சீக்கிரம் மயங்க வைக்குமாம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். மூளையில் வேலை செய்வது கரைந்திருக்கும் அளவு அல்ல, அந்த வாயுவின் அழுத்தம் என்றார் டாக்டர். ரத்தம் மருந்தை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டால், நுரையீரலில் அழுத்தம் ஏறவே நேரமாகும். 1846-ல் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் எல்லோர் முன்பும் கொடுத்துக் காட்டிய ஈதர் என்ற பழைய மயக்க மருந்து அப்படிப்பட்டது. ஒரு லிட்டர் காற்றில் இருப்பதைப் போல் சுமார் 12 மடங்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். செவோஃப்ளுரேனுக்கு அது 0.65 மடங்குதான். ரத்தம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, மூளையும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. விழிப்பு வேகமாக வருவதும் இதே காரணத்தால்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்றும் கேட்டேன். நரம்புச் செல்களை அடக்கிவைக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மருந்து பலப்படுத்துகிறது. கத்தி பட்டும் உடம்பு அசையாமல் இருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடப்பது. நினைவு எப்படி அணைகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லையாம். அதை மறைக்காமல் சொன்னதால்தான் அவர்மேல் நம்பிக்கை கூடியது.

ஆபரேஷன் அன்று தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். மாஸ்க்கோடு சேர்ந்து ஒரு பச்சைப் பை தொங்கியது. "இந்த பலூனை ஊதுறியா பாப்பா?" என்றார் டாக்டர். ஊதினாள். பை உப்பி உப்பிச் சுருங்கியது. பத்துப் பன்னிரண்டு மூச்சு இருக்கும், அவள் கண்கள் மேலே செருகின. கை உதறியது. தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம். "இது நான் சொன்ன கட்டம்தான், பயப்படாதீங்க" என்றார் அவர். முந்தின நாளே சொல்லியிருக்காவிட்டால் நான் அலறியிருப்பேன். மூளையில் அடக்கிவைக்கும் பகுதிகள் முதலில் ஓய்ந்துபோவதால் வரும் துள்ளல் அது, அவளுக்கு நினைவில் இருக்காது. சில நொடிகளில் என் கைக்குள் இருந்த விரல்கள் தளர்ந்தன. நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆபரேஷன் முடிந்து அவள் விழித்த விதம்தான் என்னை உலுக்கிவிட்டது. கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், ஆனால் அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் புரண்டு, காலை உதைத்து, என் கையைத் தள்ளிவிட்டு அழுதாள். அம்மா இங்கேதான் இருக்கேன் என்று எத்தனை முறை சொன்னேனோ! செவோஃப்ளுரேன் கொடுத்த சின்னக் குழந்தைகளுக்கு இப்படிக் கொஞ்ச நேரம் குழப்பம் வருவது சகஜம் என்றார் நர்ஸ். விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்றார்.

பிடித்துக்கொண்டேன். உள்ளே போன மருந்தில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குள்தான் கல்லீரல் உடைக்கும், மீதி அப்படியே மூச்சோடு வெளியேறிவிடும் என்று டாக்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அவள் அழும் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் வெளியே போகிறது என்று நினைத்தபடி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கால்மணி நேரம் போயிருக்கும். அழுகை விக்கலாகி, விக்கல் தூக்கமாகியது. அடுத்த முறை கண் திறந்தபோது, கரகரத்த குரலில் கேட்டாள்: "அம்மா, அந்தப் பச்சை பலூன் எங்க?"