கசெற்றில் கேட்காத கிற்றார்

1981ஆம் ஆண்டு நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தபோது, கொழும்பில் விடுமுறையைக் கழித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய நண்பன் ஒருவன், பெட்டியின் அடியில் சாரத்துக்குள் சுற்றி, குயீன் இசைக்குழுவின் கசெற் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்தான். சிரட்டையளவு ஒலிபெருக்கி பொருத்திய சிறிய கசெற் றெக்கோடரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, விளக்கணைத்த பின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாடலை எத்தனை இரவுகள் கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரியின் ஒவ்வொரு மூச்சும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பாடலைத் தாங்கி நிற்கும் பேஸ் கிற்றாரை எங்களில் எவரும் சரியாகக் கேட்டிருக்கவில்லை. அதன் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்வது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சிரட்டையளவு ஒலிபெருக்கியால் எழுப்ப இயலாது. பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளக்கியிருப்பார்; கேட்டால் கசெற் பறிபோயிருக்கும்.

லண்டனுக்கு வந்த பின், அறைத்தோழர் ஒருவரின் பெரிய ஒலிபெருக்கிகளில் அதே பாடலைக் கேட்டபோது, இது வேறு பாடல் என்றே முதலில் நினைத்தேன். தொடக்கத்தில் ஒரே சுரம் மூன்று முறை நெஞ்சில் வந்து தட்டியது. அதை வாசித்தவரும் பாடலை எழுதியவரும் ஜோன் டீக்கன் என்பதை உறையைப் பார்த்தே அறிந்தேன்.

1951இல் லெஸ்ரரில் பிறந்து, பதினொரு வயதில் தந்தையை இழந்த அவர், லண்டன் செல்சி கல்லூரியில் இலத்திரனியல் கற்று முதல் வகுப்பில் தேறியவர். 1971இல், பத்தொன்பது வயதில், குழுவில் நான்காமவராகச் சேர்ந்தார்; நால்வரிலும் இளையவரும் அவரே. மெர்க்குரிக்குப் பிடிக்காத மின்பியானோவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகி, மனைவிக்காக 'யூ ஆர் மை பெஸ்ற் பிரெண்ட்' எழுதினார். எங்கள் போர்வைக்குள் ஒலித்த பாடலோ, தனிப் பாடலாக வெளியிடுமாறு மைக்கல் ஜாக்சன் வற்புறுத்திய பின்னர் வெளிவந்து, 1980 ஒக்டோபரில் மூன்று வாரங்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தில் நின்றது.

ஆயினும் இலத்திரனியல் படித்தவன் என்ற முறையில், இந்தப் பாடல்களைவிட அவர் செய்த ஒரு பெட்டியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. லண்டன் தெருவோரத்தில் கழிவுகளோடு எறியப்பட்டிருந்த மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துவந்து, புத்தக அலுமாரித் தட்டில் வைக்கும் சிறு ஒலிபெருக்கிக் கூட்டுக்குள் பொருத்தி, 9 வோல்ற் பற்றரியில் இயங்கும் ஒலிவிரிவாக்கியாக்கினார். குழுவின் கிற்றார் கலைஞர் பிரையன் மே தன் கிற்றாரை அதன் வழியே வாசித்து, பதிவின்மேல் பதிவாக அடுக்கி, ஊதுகருவிக் குழு ஒன்று இசைப்பது போன்ற ஒலியை 'குட் கொம்பனி' பாடலில் உண்டாக்கினார். விடுதி மேசையில் பழைய வானொலிகளைப் பிரித்து, ஈயப் புகையில் கண் எரியப் பற்றவைத்த எங்களுக்கு அப்படியொரு பெட்டி வாய்க்கவில்லை. பெரும்பாலும் நாங்கள் தொட்ட வானொலிகள் அதற்குப் பிறகு பேசவேயில்லை.

1991 நவம்பரில் மெர்க்குரி மறைந்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு பாலே நிகழ்ச்சியில் வாசித்து, அதே ஆண்டில் ஒரு பாடலையும் பதிவு செய்ததோடு டீக்கன் ஒதுங்கிக்கொண்டார். 2001இல் அமெரிக்காவில் குழுவுக்குக் கௌரவம் அளிக்கப்பட்ட விழாவுக்கும் அவர் போகவில்லை.

கசெற் கொண்டுவந்த நண்பன் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். பேஸ் கிற்றாரைப் பற்றித் தொலைபேசியில் நான் நீளமாகச் சொல்லி முடித்ததும், "அந்தப் பாட்டில அப்பிடி ஒண்டும் இல்லையேடா" என்றான்.