ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும்

ஊட்டியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஒரே புகார்தான் இரண்டு விதமாக வரும். பகலில் வருகிறவர் "வண்டி ஹீட் ஆவுதுங்ணா" என்பார். இருட்டிய பிறகு வருகிறவர், "ஹீட்டர் போட்டாலும் சில்லுனுதான் காத்து வருதுங்ணா, பாப்பாவுக்குக் குளுருது" என்பார்.

பழைய பெட்ரோல் கார்களின் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. இன்ஜினில் சூடேறிய தண்ணீரில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். அதன்மேல் ஒரு ஃபேன் ஊதும், அவ்வளவுதான். அதனால் ஹீட் புகாரோடு வரும் வண்டியிலும் முதலில் ஹீட்டரைப் போட்டு, காற்று வரும் இடத்தில் கை வைத்துப் பார்ப்பேன். மீட்டர் முள் உச்சியில் நிற்க, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் தண்ணீர் அங்கே சுற்றவில்லை. தண்ணீர் குறைந்திருக்கும், குழாயில் காற்று சிக்கி ஏர் லாக் ஆகியிருக்கும், இல்லை பம்ப் தள்ளவில்லை. முள்ளை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சென்சார் முங்கத் தண்ணீர் இல்லாவிட்டால் முள் பாட்டுக்குக் கீழே கிடக்கும், உள்ளே ஹெட் (இன்ஜினின் மேல்மூடிப் பகுதி) வெந்துகொண்டிருக்கும்.

முள்ளும் ஏறவில்லை, ஹீட்டரும் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறப்பேன். தண்ணீர் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கீழே கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் பழைய மாருதி 800, எஸ்டீம் பலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது. "ஹீட் ஆச்சா, தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு" என்பது பல பட்டறைகளில் இன்னும் நடக்கிற வைத்தியம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சமவெளி வெயிலில் அந்தக் குறை தெரியாது, பெட்ரோல்தான் கூடக் குடிக்கும். இங்கே காலைக் குளிரில் இன்ஜின் தன் சூட்டுக்கே வராது. பைபாஸ் வழி உள்ள சில இன்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த வழியை அடைக்க வேண்டியதும் தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஹீட்டுக்காகக் கழற்றியதே ஹீட்டுக்குக் காரணமாகும்.

புதுசு போடுமுன் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியைத் தாண்டாது. 88 டிகிரி முத்திரை உள்ள தெர்மோஸ்டாட் லேசாக வாய் பிளக்கும், முழுசாகத் திறக்காது. கீழே வேலை கற்றுவந்த பையன்கள் அதை "அவுட்டு" என்று குப்பையில் போடப் போவார்கள். தடுத்து நிறுத்துவேன்.

அதே கணக்கில்தான் ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட இங்கே 115 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 93 தான், தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே ஐந்தே டிகிரி. கல்லாறு தாண்டி குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. சீசன் நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்து வரும்போது எதிர்க்காற்றும் இல்லை, ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான் துணை. ஃபேன் சுவிட்ச் செத்து, மூடியும் போன வண்டி பர்லியாறுக்கு மேலே எங்காவது ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அப்போது மூடியைத் திறப்பவர்களையும், ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றுபவர்களையும் பார்த்தால் வயிறு கலங்கும். முகம் வெந்துபோகும், அலுமினிய ஹெட் வளைந்துபோகும். முள் ஏறத் தொடங்கும்போதே ஹீட்டரை முழுசாகத் திறந்து ஓரம் கட்டியிருந்தால் கொஞ்சம் சூடு கேபினுக்குள் இறங்கியிருக்கும்.

எல்லாம் மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. ரேடியேட்டர் வாய் உயரே இருக்கும்படி வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்த வேண்டும். ஊட்டியில் தெருவே சரிவு, அந்த வசதி உண்டு. ஃபேன் ஓடும்வரை மூடியைத் திறந்தே வைக்கும் பழக்கம் இங்கே உதவாது, அதற்குள் கொதித்துவிடும். மேல் ஹோஸ் வெதுவெதுப்பானதும் அமுக்கி அமுக்கிக் காற்றை விட்டு, மூடி, சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி கூலன்ட் ஊற்ற வேண்டும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றே சந்தேகப்படுவேன். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் வேலை அது. குடும்பத்தை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லிவிடுவேன்.