கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு

தக்கலை கிடைக்கும், மார்த்தாண்டம் கிடைக்கும், குளச்சலும் கிடைக்கும். கோட்டாறு, தோவாளை, கொல்லங்கோடு மட்டும் கிடைக்காது. நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி, மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொடுக்கிறது. அதில் ஊர்ப் பெயர் போட்டுத் தேடும்போது வந்த புகார் இது. “கண்ணு முன்னால கோட்டாறுன்னு இருக்கு, தேடினா இல்லங்குது. என்னடே இது?” என்று கடைக்கார அண்ணாச்சி ஒருவர் போனில் கேட்டார்.

கிடைக்காத பெயர்களில் எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து வருகின்றன. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. இல்லையென்றால் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றியபோது பிரிந்த வகை உள்ளே வந்திருந்தது. கடையில் இப்போது தட்டச்சு செய்பவர்களுக்கோ சேர்ந்த வகைதான் வரும்.

இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. என்எஃப்சி என்று யூனிகோடு வகுத்த சீரான வடிவத்துக்கு மாற்றினால் பிரிந்தது சேர்ந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி போதும். “நம்ம மென்பொருள்ல மட்டும் போட்டுட்டு விடுங்க” என்றார் சார். ஆனால் தேடலுக்கு நாங்கள் பயன்படுத்துவது ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தம் அனுப்பவும் கூடிய பொது நிரல் தொகுப்பு. அங்கேயே சரிசெய்யாவிட்டால், ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் எங்கள் ஒட்டுவேலையை நாங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் சம்மதித்தார். சமூக சேவை என்று பேசியிருந்தால் நடந்திருக்காது.

நிரல் எழுத அதிக நேரம் ஆகவில்லை. நம்பவைப்பதுதான் வேலை. அந்த லைப்ரரியைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்குத் தமிழ் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, என்ன பிரச்சினை என்று கேட்டார். அதுதானே பிரச்சினை! அப்புறம் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, ‘கஃபே’ என்ற பிரெஞ்சுச் சொல்லை எடுத்தேன். அதன் கடைசியில் வரும், தலையில் கீற்று போட்ட ‘ஈ’யையும் ஒரே குறியாகவும் எழுதலாம், எழுத்து தனி கீற்று தனி என்றும் எழுதலாம். அவருடைய லைப்ரரியில் அதுவும் சிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு ‘ஏன்’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு மாறியது.

கேள்விகள் நிற்கவில்லை. கொரிய மொழிக்கு என்ன ஆகும்? வேகம் குறையுமா? ஏற்கெனவே சரியான வடிவத்தில் இருப்பதை மறுபடி ஏன் மாற்ற வேண்டும்? பைத்தான் 3.8இல் அதைச் சோதிக்கவே ஒரு வசதி வந்திருக்கிறது என்று அவர்தான் காட்டினார். அலுவலகத்தில் ‘ஓடுதா, சரி’ என்பதோடு ரிவ்யூ முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தாலும், மார்ச் 2024இல் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் விவகாரத்தை நினைத்தால் நியாயம்தான். ஒருவர் வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்து, பிறகு அதில் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்தார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிய ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற இன்ஜினியர்தான் அதைப் பிடித்தார். முகம் தெரியாத என்னை அவர்கள் உடனே நம்பியிருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

என் திருத்தம் லைப்ரரியில் மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது சேர்ந்துவிட்டது. கோட்டாறும் தோவாளையும் கிடைக்கின்றன. கௌரி ஸ்டோர் மட்டும் இன்னும் சிக்கல். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடிக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் யூனிகோடுக்கு அவை வேறு வேறு, என்எஃப்சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கெளுத்தி மீனின் பெயர் உடைந்துபோகும், எங்கள் வாடிக்கையாளர்களில் மீன் வியாபாரிகளும் உண்டு. அதற்கு லைப்ரரியில் ஒரு இஷ்யூ, அதாவது பிரச்சினைப் பதிவு, திறந்து, இரண்டு சொற்களையும் டெஸ்ட்டாகப் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இரண்டும் ஒன்றாகப் பாஸ் ஆகும் வழி யாருக்கும் அகப்படவில்லை.