லெட்டர் வரும் என்று நம்பவைத்தது யார்?

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் எங்களோடு பேக்கிங்கில் இருந்த அக்காவுக்கு இந்தத் தடவை ரினியூவல் வரவில்லை. பதினோரு மாதக் காண்ட்ராக்ட், நடுவில் கொஞ்ச நாள் இடைவெளி, மறுபடி புது லெட்டர். வருஷக்கணக்காக இதே நடைமுறைதான். "லெட்டர் வந்துரும், நீங்க ஷிப்டுக்கு வாங்கக்கா" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டு, லெட்டர் கைக்கு வருமுன்பே வேலை பார்த்த நாட்களும் உண்டு. இப்போது ஆபீஸில், "நாங்க யாரையும் நீக்கலையே, காலம் முடிஞ்சிருச்சு" என்கிறார்கள்.

அப்படிச் சொல்லச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்தார்கள். ஆட்குறைப்பு இல்லையென்றால் ஒரு மாத நோட்டீஸ் கிடையாது, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் கிடையாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் காலவரை வேலைக்கு, அதாவது இத்தனை காலம் என்று எழுதிக் கொடுக்கும் வேலைக்கு, இதே விலக்கைத் தருகிறது. காலவரைத் தொழிலாளிக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்பது மட்டும் புதிய சட்டங்களில் கிடைத்த நல்லது.

எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் கதை வேறு. தமிழ்நாட்டின் 1981ஆம் வருஷச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் அந்த உரிமை இந்தப் பக்கம் வராது.

நிரந்தரம் என்று பேச்செடுத்தால், கம்பெனிக்காரர்கள் உடனே உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி தீர்ப்பைக் காட்டி வாயடைப்பார்கள். 2006இல் வந்த அந்தத் தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் அரசு வேலைக்கு வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்பது பற்றியது. தனியார் கம்பெனி அதை நீட்டுவது நியாயமே இல்லை. அரசுத் துறைகளும் அதைக் கேடயமாக வைத்து ஆட்களைச் சுரண்டக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

நமக்கு இருக்கும் பிடி வேறு. நிரந்தர உரிமையைத் தடுக்கவே ஒருவரைத் தற்காலிகமாக வருஷக்கணக்கில் வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பழைய சட்டமும் சொன்னது, புதியதும் சொல்கிறது. ஆனால் அந்த நோக்கத்தை நாம்தான் காட்டியாக வேண்டும். அக்கா பார்த்த வேலை நிற்கவில்லை. அதே டேபிளில் வேறொரு பெண் நிற்கிறாள். எங்கள் மனுவில் முதலில் வரப்போவது இதுதான்.

பாலக்காடு லேபர் ஆபீஸில் கொடுப்பதற்காகப் பழைய லெட்டர்கள், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கூட வேலை பார்த்தவர்களே, லெட்டர் இல்லாத நாட்களில் ஷிப்டுக்கு வரச்சொன்ன வாட்ஸ்ஆப் மெசேஜ் உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.