நாலாம் கட்டில்

ஜூன் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கும் அறையில் நாலாம் கட்டில் காலி. அதில் படுக்கும் அண்ணனை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களாம். ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ், ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்று.

ஜூன் 5

தூக்கமே இல்லை.

ஜூன் 6, வியாழன்

நான்கு மணி நேரமும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டிலில் அலாரம் அடித்தது. டெக்னீஷியன் தம்பி ஓடிப்போய் மிஷினைச் சரிசெய்துவிட்டு, அதே கையுறையோடு இவருடைய ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பை, தொட வந்தார். "தம்பி, கையுறை" என்றேன். சட்டென்று கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார், கோபப்படவில்லை. ஆறு பேரை ஒருவரே பார்க்கிறார், பாவம்தான். ஆனாலும் எப்படி விட முடியும்? சி மட்டுமா, ஹெபடைட்டிஸ் பி-யும் ரத்தத்தில்தான் வரும். அந்த பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதுமாம்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அந்த ஹெபாரின் மருந்துக் குப்பி வேறு. வண்டியில் வைத்துக் கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை மறந்துபோய் மறுபடி உள்ளே விட்டால் போதும், அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் அதே குப்பிதான்.

ஜூன் 8

வராந்தாவில் அண்ணனின் மனைவி வழக்கம்போல டிபன் பாக்ஸை என் பக்கம் நீட்டினார். எலுமிச்சை சாதம். என் கை ஒரு நொடி தயங்கியது. அக்கா பார்த்துவிட்டார். சேர்ந்து சாப்பிட்டால் வராது, ரத்தத்தில்தான் வரும். தெரியும். தெரிந்தும் தயங்கினேன். அப்புறம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஏப்ரலில்தானே நெகட்டிவ் வந்தது என்றேன். அது ஆன்டிபாடி டெஸ்ட், வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குவதைத்தான் பார்க்கும், தொற்றிய பிறகு அதில் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், இப்போது வைரஸின் ஆர்.என்.ஏ.வையே நேராகப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். அப்படியானால் அண்ணனுக்கு எப்போது வந்தது? யாருக்கும் தெரியாமல் எத்தனை நாள் எங்கள் பக்கத்தில் படுத்திருந்தார்? அவருக்கே தெரியாதே.

ஜூன் 12

அத்தை கீழாநெல்லி பறித்து வைத்திருக்கிறார். கொடுக்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது. அத்தைக்கு வருத்தம்.

ஜூன் 13, வியாழன்

இவருடைய பி டைட்டர், அதாவது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு, 6. பத்துக்குக் குறையக் கூடாது. மற்றவர்களுக்கு 20 மைக்ரோகிராம் போடும் இடத்தில் இவருக்கு 40, அப்படி நான்கு தவணை. அத்தனையும் போட்டு 6. இன்று மறுபடி ஒரு ஊசி.

ஜூன் 15

ஹெபாரின் வண்டி உள்ளே வரவில்லை! தனி அறையில் ஆளுக்கொரு சிரிஞ்சில் நிரப்பி, பெயர் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் வருவதற்குள் கட்டில், மிஷின், பி.பி. பட்டை எல்லாவற்றையும் பிளீச் கரைசலில் துடைத்தார் தம்பி. மிஷினின் பொத்தான்களைக்கூட விடவில்லை. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 16

அக்கா போன் செய்தார். அண்ணனுக்கு 12 வாரம் மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அநேகம் பேருக்கு முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அழுதார். எலுமிச்சை சாதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாம் கட்டில்காரரின் ரிசல்ட் வந்துவிட்டது, நெகட்டிவ். இவருடையது இன்னும் வரவில்லை. லேபுக்கு மூன்று தடவை போன் செய்தேன். நாளைக் காலை என்கிறார்கள்.